முன்னால் போன ‘தன்’, முந்த முடியாத ‘அவன்’

வாசகர் ஒருவர் கேட்டது:

“‘குமார் தன் அம்மாவைத் திட்டினான்’, ‘தன் அம்மாவைக் குமார் திட்டினான்’. இரண்டிலும் ‘தன்’ என்றால் குமார்தான். ஆனால் இரண்டாவதில் குமார் வருவதற்கு முன்பே ‘தன்’ வந்துவிடுகிறது. அது யார் என்று எப்படித் தெரிகிறது? சாம்ஸ்கி வழியில் மட்டும்தான் இதற்கு விளக்கம் உண்டு, மற்ற இலக்கணக் கோட்பாடுகள் இங்கே கைவிரித்துவிடும் என்று ஒரு வகுப்பில் சொன்னார்கள். சரியா?”

4 ஜூன், இரவு 10.15

பாதி சரி. முதலில் சரியான பாதி.

1981இல் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி வகுத்த பிணைப்புக் கோட்பாட்டில், அதாவது எந்தச் சொல் யாரைக் குறிக்கலாம் என்ற கோட்பாட்டில், மூன்று விதிகள். ‘தன்னை’ மாதிரியான தற்சுட்டுக்கு அது குறிக்கும் ஆள் பக்கத்திலேயே, வாக்கிய மரத்தில் (எது எதற்குள் அடங்கும் என்று காட்டும் படம்) அதைவிட மேலே இருக்க வேண்டும். ‘அவன்’ மாதிரியான சுட்டுப்பெயருக்கு அந்த ஆள் அவ்வளவு பக்கத்தில் இருக்கக் கூடாது. ‘குமார்’ மாதிரியான பெயருக்கு மேலே அதே ஆளைக் குறிக்கும் எதுவுமே இருக்கக் கூடாது. ‘மேலே’ என்றால் என்ன என்பதற்கு டான்யா ரைன்ஹார்ட் 1976இல் கொடுத்த விளக்கம்தான், சி-கமாண்ட் என்ற பெயரில், இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

‘தன் அம்மாவை’ என்பதைத் தூக்கி முன்னால் வைத்தால் அது குமாருக்கு மேலே போய்விடும். விதிப்படி வாக்கியம் விழ வேண்டும், விழவில்லை. அதனால் பொருள் பார்க்கும்போது பழைய இடத்திலேயே திரும்ப வைத்துப் பார் என்றார்கள். இதுதான் மீட்டமைப்பு. சாம்ஸ்கியே 1993இல் தொடங்கிய மினிமலிஸ்ட் பாணியில் அந்த வேலையும் மிச்சம். நகர்கிற தொடர் பழைய இடத்தில் தன் நகலை விட்டுவிட்டுத்தான் போகிறது, அதை நாம் உச்சரிப்பதில்லை, அவ்வளவுதான். உச்சரிக்காத நகலுக்குள் இருக்கும் ‘தன்’ குமாருக்குக் கீழேதான் இருக்கிறது.

தப்பான பாதி: மற்றவர்கள் கைவிரிக்கவில்லை, அவர்களுக்கு இது ஒரு சிக்கலாகவே படவில்லை. கார்ல் பொலார்டும் ஐவன் சாகும் வளர்த்த எச்.பி.எஸ்.ஜி. (Head-driven Phrase Structure Grammar) என்ற இலக்கணக் கோட்பாட்டில் எதுவும் நகர்வதில்லை. ஒவ்வொரு வினையும் தனக்கு வேண்டியவர்களின் பட்டியலோடு வருகிறது. ‘திட்டு’ என்றால் திட்டுபவர் முதலில், திட்டப்படுபவர் அடுத்து. பிணைப்பு அந்தப் பட்டியலில் பார்க்கப்படுகிறது. வாக்கியத்தில் யாரை எங்கே தூக்கிப் போட்டாலும் பட்டியலின் வரிசை மாறாது. நகர்த்தவே இல்லையென்றால் திரும்ப வைக்கவும் தேவையில்லை.

4 ஜூன், இரவு 11.50

எல்.எஃப்.ஜி. (Lexical Functional Grammar) என்ற இன்னொரு கோட்பாட்டை விட்டுவிட்டேன். அங்கே சொல் வரிசை ஓர் அடுக்கு. எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்ற கணக்கு வேறோர் அடுக்கு. மேரி டால்ரிம்பிள் 1993இல் எழுதிய புத்தகத்தில் தற்சுட்டு ஒவ்வொன்றும் ‘என் ஆளை இன்ன எல்லைக்குள் தேடு, அவர் எழுவாயாக இருக்க வேண்டும்’ என்று தன் நிபந்தனையைத் தானே சுமந்து வருகிறது. தமிழ்த் ‘தன்’னுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. வரிசை மாறினாலும் இரண்டாவது அடுக்கில் குமார் எழுவாயாகத்தானே இருக்கிறான்.

5 ஜூன், காலை

நேற்று இரவு எச்.பி.எஸ்.ஜி.யைப் புகழ்ந்ததில் ஓர் ஓட்டை. ‘குமார் தன்னைத் திட்டிக்கொண்டான்’ என்றால் ‘தன்னை’ வினையின் பட்டியலில் நேரடியாக இருக்கிறது. ‘தன் அம்மாவை’ என்றால் பட்டியலில் இருப்பது அம்மா. ‘தன்’ அம்மாவுக்குள் ஒளிந்திருக்கிறது. அப்படி ஒளிந்திருப்பவற்றுக்கு விதி பொருந்தாது, அவற்றுக்கு விலக்கு உண்டு என்பது பொலார்ட்–சாக் 1992இல் எழுதிய கட்டுரையின் முக்கியமான வாதமே. விலக்குப் பெற்றவை யாருடைய பார்வையில் விஷயம் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்து ஆளைத் தேடிக்கொள்ளும்.

ஆக, கேள்வியில் இருந்த வாக்கியத்துக்கு நான் சொன்ன விளக்கம் பொருந்தவில்லை. வாக்கியத்தைச் சரியாகப் பார்க்காமல் பதில் சொன்னதன் விளைவு. ஆனால் ‘பார்வை’ என்பதை ஒதுக்கிவிட முடியாது. தமிழ்த் ‘தான்’ பற்றி விரிவாக ஆராய்ந்த சந்தியா சுந்தரேசனும் யாருடைய கண்ணோட்டம் என்பதற்குத்தான் மைய இடம் கொடுக்கிறார்.

5 ஜூன், இரவு

இதுவரை ‘தன்’ மட்டும்தான் பேசினேன். என்னை உண்மையில் படுத்துவது ‘அவன்’.

சில வருடங்களாக என் பிழைப்பு இதுதான்: கட்டுரைகளிலும் செய்திகளிலும் வரும் ஒவ்வொரு ‘அவன்’, ‘அவர்’, ‘தன்’னுக்கும் அது யாரைக் குறிக்கிறது என்று அடையாளம் போடுவது. கணினிக்குப் பயிற்சி கொடுக்க. நாங்கள் ஆரம்பத்தில் வைத்திருந்த நிரல் ‘குமார்தான் வந்தான்’ என்பதில் இருக்கும் ‘தான்’ஐயும் பிரதிப்பெயர் என்று பிடித்துக்கொண்டு வந்து நிற்கும். யாரோ இடைவெளி விட்டு ‘குமார் தான்’ என்று எழுதிவிட்டால் போச்சு. ஒரு மாதம் முழுக்க ‘தான்’களைப் பொறுக்கி எடுத்தோம்.

அந்த வேலையில் தற்செயலாகக் கண்ணில் பட்டது இது:

அவன் அம்மாவைக் குமார் திட்டினான்.

இதைப் படித்ததும் எனக்கு அது வேறு யாருடைய அம்மாவோ. குமாரின் அம்மா என்று படிக்கக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். ‘தன்’ முன்னால் போனால் குமாரோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது, ‘அவன்’ முன்னால் போனால் கை நழுவிவிடுகிறது. நகல்தான் காரணம் என்றால் இரண்டுக்கும்தான் நகல் இருக்கிறதே?

இதையும் பாருங்கள்:

அவன் நண்பன் ஒவ்வொரு மாணவனையும் பாராட்டினான்.
ஒவ்வொரு மாணவனையும் அவன் நண்பன் பாராட்டினான்.

முதலாவதில் ‘அவன்’ எங்கோ இருக்கும் ஒருத்தன். இரண்டாவதில் மாணவனுக்கு மாணவன் மாறுகிறது, அவரவர் நண்பன் அவரவரைப் பாராட்டினான். செயப்படுபொருளை முன்னால் கொண்டுவந்ததால்தான் இந்தப் பொருள் கிடைக்கிறது. திரும்பப் பழைய இடத்தில் வைத்தால் கெட்டுவிடும். அனூப் மகாஜன் 1990இல் இந்தியில் காட்டியதும் ஏறக்குறைய இதே சங்கதி. அதனால் அவர் முன்நகர்த்தலையே இரண்டு ரகமாகப் பிரித்தார்: புதிய இடத்தில் நிலையாகக் குடியேறுவது ஒன்று, பழைய இடத்துக்கே திரும்பிப் படிக்கப்படுவது இன்னொன்று.

7 ஜூன்

முதலில் இந்த உதாரணத்தை ‘அவன் ஆசிரியர்’ என்றுதான் எழுதிவைத்திருந்தேன். அப்புறம் கீழே வரும் வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன். ஆசிரியர் என்றால் ‘தம் வீட்டுக்கு’ என்று எழுதத் தோன்றும், ‘தம்’ என்றதுமே மரியாதை காட்டிக்கொடுத்துவிடும், சோதனை பாழ். அதனால் எல்லாரையும் நண்பனாக்கிவிட்டேன்.

ஒவ்வொரு மாணவனையும் அவன் நண்பன் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான்.

யார் வீட்டுக்கு? நண்பன் வீட்டுக்கு. வேறு மாதிரி எனக்குப் படிக்கவே வரவில்லை. முன்னால் வந்து உட்கார்ந்த ‘ஒவ்வொரு மாணவனையும்’ என்பதால் ‘அவன்’ஐப் பிடிக்க முடிகிறது, ‘தன்’னைத் தொட முடியவில்லை. ஒரே வாக்கியம், ஒரே நகர்வு. ‘அவன்’ கண்ணுக்கு அந்த நகர்வு தெரிகிறது, ‘தன்’ கண்ணுக்குத் தெரியவில்லை.

மகாஜன் சொன்ன இரண்டு ரகம் இங்கே சங்கடப்படுகிறது. இது குடியேறும் ரகம் என்றால், மேலே குடியேறியவன் ‘தன்’னையும் பிடித்திருக்க வேண்டும். ‘தன்’ எழுவாயை மட்டும்தான் பார்க்கும் என்று தனியாக ஒரு வரி சேர்க்கலாம்தான். ஆனால் அந்த ஒரு வரியைச் சேர்த்தபின் மரத்துக்கு என்ன வேலை மிச்சம் என்பதுதான் என் சந்தேகம்.

8 ஜூன்

மொழியியலாளர் டேவிட் லெபோ பற்றி வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். 1988 ஆய்வேட்டில் அவர் எடுத்துக்கொண்ட வேறுபாடு இது. ஆங்கிலத்தில் ‘ஜான் சொன்ன எந்தக் கூற்றை அவன் பின்னால் மறுத்தான்’ என்ற வகைக் கேள்வியில் ஜானும் அவனும் ஒரே ஆளாக இருக்கலாம். ‘ஜான் தூங்கினான் என்ற எந்தக் கூற்றை அவன் மறுத்தான்’ என்ற வகையில் முடியாது. முதலாவதில் ‘ஜான் சொன்ன’ என்பது வெறும் அடைமொழி. அதை நகர்த்தி முடித்தபின்கூட ஒட்டவைக்கலாம் என்பதால் பழைய இடத்து நகலில் ஜான் இல்லவே இல்லை. இரண்டாவதில் ‘ஜான் தூங்கினான் என்ற’ என்பது கூற்றின் உள்ளடக்கம், முதலிலிருந்தே கூட இருந்தாக வேண்டும், அதனால் நகலிலும் ஜான் இருக்கிறான், அவனுக்கு மேலே ‘அவன்’, விதி உடைகிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆங்கிலத்திலேயே இந்த வேறுபாடு உண்மையில் இருக்கிறதா என்று கடந்த சில வருடங்களாக நிறையச் சண்டை.

தமிழில் என் காதுக்கு அந்த வேறுபாடு கிடையாது:

குமார் எழுதிய கடிதத்தை அவன் கிழித்துப் போட்டான்.
குமார் பணத்தை எடுத்தான் என்ற குற்றச்சாட்டை அவன் மறுத்தான்.

இரண்டிலும் அவன் குமாராக இருக்கலாம். இரண்டாவதில் இன்னும் சுலபமாகவே. ‘அவன்’ஐ முன்னால் வைத்து, ‘அவன் குமார் பணத்தை எடுத்தான் என்ற குற்றச்சாட்டை மறுத்தான்’ என்று சொன்னால்தான் வேறு ஆள் ஆகிவிடுகிறான்.

பெயர் முன்னால், அவன் பின்னால். அவ்வளவுதானா விதி? இவ்வளவு மரம் வரைந்ததும் இதற்குத்தானா?

9 ஜூன், காலை

முன்னால் பின்னால் என்றதும் தொல்காப்பியம் ஞாபகம் வந்தது. சொல்லதிகாரம், கிளவியாக்கம். இயற்பெயரும் சுட்டுப்பெயரும் சேர்ந்து வரும்போது ‘சுட்டுப்பெயர்க் கிளவி முற்படக் கிளவார்’, இயற்பெயருக்குப் பின்னால்தான் சொல்வார்கள் என்று ஒரு நூற்பா. அடுத்த நூற்பா ஒரே வரி: ‘முற்படக் கிளத்தல் செய்யுளுள் உரித்தே’. பாட்டில் மட்டும் முன்னால் சொல்லலாம்.

எல்.எஃப்.ஜி.காரர்கள் சுட்டுப்பெயர் அதன் ஆளுக்கு முந்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். அதற்கு முக்கியமான சாட்சி, கே.பி. மோகனன் 1980களில் விவரித்த மலையாளம். நம் பக்கத்து வீடு. ஆங்கிலத்தில் ‘அவன் உள்ளே வந்தபோது ஜான் நனைந்திருந்தான்’ என்ற அமைப்பில் அவனும் ஜானும் ஒரே ஆளாகலாம், ஏனென்றால் அந்த ‘அவன்’ துணைவாக்கியத்துக்குள் இருக்கிறான், மரத்தில் ஜானுக்கு மேலே இல்லை. தமிழில் சொல்லிப் பாருங்கள்:

அவன் உள்ளே வந்தபோது குமார் நனைந்திருந்தான்.

இரண்டு ஆட்கள். ஒரே ஆள் என்றால் ‘உள்ளே வந்தபோது குமார் நனைந்திருந்தான்’ என்று அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவோம். மரத்துக்கு இங்கே சொல்ல ஒன்றுமில்லை, வரிசைக்கு இருக்கிறது. தொல்காப்பியருக்கு ஒரு மதிப்பெண்.

9 ஜூன், இரவு

காலையில் கொஞ்சம் துள்ளிவிட்டேன். உரைகளை எடுத்துப் பார்த்தேன். அந்த நூற்பா இரண்டும் பெயரும் சுட்டும் வினை கொள்ளும் இடத்தைப் பற்றியவை. உரைகாரர் காட்டும் உதாரணத்திலும் சாத்தன் வந்தான் என்று ஒரு செய்தி முடிந்து, ‘அவற்கு’ என்று அடுத்த செய்தி தொடங்குகிறது. ஒரே வாக்கியத்துக்குள் தொடரை முன்னால் நகர்த்துவது பற்றி அவர் பேசவில்லை. இக்காலக் கோட்பாட்டின் வேரைத் தொல்காப்பியத்தில் தோண்டி எடுத்துவிட்டேன் என்ற தொனி தேவையில்லாதது. வரிசையும் பெயர்–சுட்டு உறவும் தொடர்புள்ளவை என்பதை அவர் கவனித்திருக்கிறார், அதுவரைக்கும் சரி.

அந்தச் ‘செய்யுளுள் உரித்தே’ மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டது. கதைகளில் ‘அவன் கதவைத் திறந்தான்’ என்று தொடங்கி மூன்றாவது பத்தியில் பெயர் சொல்கிற உத்தியும் அந்த உரிமையின் மிச்சம்தானோ என்னவோ. எங்கள் வேலையில் அப்படித் தொடங்கும் கதை வந்தால் எல்லாரும் பெருமூச்சு விடுவார்கள்.

12 ஜூன்

இரண்டு நாள் யோசித்து ஒரு வாக்கியம் கட்டினேன்.

குமார் தன்னிடம் சொன்ன பொய்யை அவன் அம்மா நம்பிவிட்டாள்.

தன் = அம்மா. அவன் = குமார். எனக்கு இது தடுக்காமல் ஓடுகிறது. முன்னால் வந்த தொடர் ஒன்றுதான். அதற்குள் இருக்கும் ‘தன்’ பின்னால் வரும் அம்மாவைத் தேடிப் போகிறது, அதாவது பழைய இடத்தில் இருப்பதுபோல நடந்துகொள்கிறது. அதே தொடருக்குள் இருக்கும் ‘குமார்’ பின்னால் வரும் ‘அவன்’ஐப் பிடிக்கிறது, அதாவது புதிய இடத்தில் இருப்பதுபோல. ‘அவன் அம்மா, குமார் தன்னிடம் சொன்ன பொய்யை நம்பிவிட்டாள்’ என்று மாற்றிப் போட்டால் தன் மாறவில்லை, அவன் மாறிவிட்டான்.

லெபோ வழியில் ‘குமார் தன்னிடம் சொன்ன’ என்பது பின்னால் ஒட்டவைத்த அடைமொழி என்றால், ‘தன்’ கீழே இல்லவே இல்லை, அம்மாவிடம் போய்ச் சேரக் கூடாது. போய்ச் சேர்கிறது. ஒட்டவைக்கவில்லை, முதலிலிருந்தே இருக்கிறது, எந்த நகலை யார் படிப்பது என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றிக்கொள்ளலாம் என்றால் மினிமலிஸ்ட் வழியும் தாங்கும். ஆனால் ‘சொல்லுக்குச் சொல்’ என்பதை எல்.எஃப்.ஜி. முதலிலேயே சொல்லிவிட்டதே.

இன்னும் கொடூரமானது ஒன்று:

தன்னைப் பற்றிக் குமாரின் தம்பி எழுதிய புத்தகத்தை அவன் படிக்கவே இல்லை.

தன், குமார், அவன் மூன்றும் ஒரே ஆளாகுமா? முதல் வாசிப்பில் இல்லை என்றேன். மூன்றாவதில் ஆகும். ஏழாவதில் ‘தன்’ என்ற சொல்லே ஏதோ புரியாத மொழி மாதிரி ஆகிவிட்டது. இந்தத் துறையில் வேலை செய்கிறவர்களின் நோய் இது. ஒரே வாக்கியத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் சரியாகிவிடும், அல்லது எதுவும் சரியாக இராது. இதை வைத்து எந்த முடிவுக்கும் நான் வரமாட்டேன்.

13 ஜூன்

ஆண்ட்ரூ பார்ஸ் 1986இல் எழுதியதைத் தமிழில் சோதிக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. ‘தன்னுடைய எந்தப் படங்களைப் பில் விரும்புவதாக ஜான் சொன்னான்’ என்ற மாதிரி ஆங்கிலக் கேள்வியில் ‘ஹிம்செல்ஃப்’ இரண்டு பேரில் யாராகவும் இருக்கலாம். நகராமல் இருந்தால் பக்கத்தில் இருப்பவன் மட்டும்தான். வழியில் தங்கிப் போன ஒவ்வொரு இடத்திலும் ஆளைப் பிடிக்கலாம் என்பது அதற்கு விளக்கம். தமிழில் இந்தச் சோதனை நடக்காது. நம் ‘தன்’ நகராமலேயே தூரத்து எழுவாயையும் பிடிக்கும். ‘தன்னைத்தானே’ என்று இறுக்கினால் பக்கத்து ஆள் மட்டும், அதை முன்னால் இழுத்தாலும் அதே ஆள்தான்.

15 ஜூன்

நகர்வே இல்லாத ஒன்று.

— ஒவ்வொரு எழுத்தாளனும் எதை ஒளித்துவைப்பான்?
— தன் முதல் கதையை.

பதிலில் எழுவாயும் இல்லை, வினையும் இல்லை, ஆனால் ‘தன்’ ஒவ்வொரு எழுத்தாளனுக்கும் தனித்தனியாகப் பொருந்துகிறது. சொல்லாமல் விட்ட வாக்கியம் உள்ளே இருக்கிறது என்று மினிமலிஸ்ட் சொல்லலாம். பாலின் ஜேக்கப்சன் 1999இல் வேறு வழி காட்டினார். பிரதிப்பெயர் என்பது யாரோ வந்து நிரப்பக் காத்திருக்கும் காலியிடம் இல்லை, அது கணிதத்தில் சொல்வதுபோன்ற ஒரு சார்பு (function). ‘தன் முதல் கதை’ என்றால் ஓர் ஆளைக் கொடுத்தால் அந்த ஆளின் முதல் கதையைத் திருப்பிக் கொடுக்கும் ஒரு பொறி. கேள்வியும் அப்படி ஒரு பொறியைத்தான் கேட்கிறது. திரும்ப வைக்க இடமே தேவையில்லை.

ஒவ்வொரு எழுத்தாளனும் ஒளித்துவைப்பது தன் முதல் கதையைத்தான்.
ஒவ்வொரு எழுத்தாளனும் ஒளித்துவைப்பது தன் முதல் கதை.

முதலாவதில் ‘ஐ’ இருக்கிறது, உள்ளேயிருந்து பிடுங்கிக்கொண்டு வந்ததன் தழும்பு மாதிரி. இரண்டாவதில் அது இல்லை, இரண்டு பெயர்கள் சமம் என்கிற வாக்கியம். ‘தன்’ இரண்டிலும் ஒரே மாதிரி வேலை செய்கிறது. இரண்டாவது ஜேக்கப்சன் பக்கம். முதலாவதில் உள்ள ‘ஐ’ எங்கிருந்து வந்தது என்று அவர் வழியில் நான் சொல்லிப் பார்த்தேன், எனக்கே திருப்தியாக இல்லை.

(முதல் வாக்கியத்தின் ‘தான்’ இடைச்சொல். நிரலுக்குச் சொல்கிறேன்.)

22 ஜூன்

முதலில் கேட்டவர் திரும்ப வந்து ‘அப்படியானால் எந்தக் கோட்பாடு சரி’ என்கிறார்.

வகுப்பில் சொன்னதை நான் இப்படித் திருத்துவேன். ‘தன்’ எங்கே போனாலும் எழுவாயைப் பார்க்கும். இதை எல்லாருமே ஏதோ ஒரு வழியில் சொல்லிவிடுகிறார்கள். ‘அவன்’ வரிசையைப் பார்க்கும். அதைச் சொல்ல மரத்தை மட்டும் நம்புகிறவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள். அடையாளம் போடுவதற்கான எங்கள் விதிகளில் இரண்டுக்கும் ஒரே பத்தி இருந்தது, போன வாரம் தனித்தனியாகப் பிரித்து எழுதினேன். ‘அவன்’ பத்தியில் முதல் வரி: இதே வாக்கியத்தில் முன்னால் பெயர் இல்லையென்றால் முந்தைய வாக்கியத்துக்குப் போ, பின்னால் தேடாதே.

கூட வேலை செய்பவர் மறுநாளே ஒரு விதிவிலக்கோடு வந்தார். ‘அவன் வரமாட்டான், குமார்.’ முடித்துவிட்டு யோசித்துச் சேர்க்கிற பெயர். பேச்சில் ஏராளம். இதில் குமார் நகர்ந்ததா, தனியாக வந்து ஒட்டிக்கொண்டதா என்று மதியம் வரை பேசினோம். காற்புள்ளி இருந்தால் பின்னால் தேடலாம் என்று இப்போதைக்கு எழுதிவைத்திருக்கிறோம். பாதிப் பேர் காற்புள்ளி போடுவதில்லை.